எண் 214: பறவைகளின் குரல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தட்டியது.

"சார், அந்தக் குருவி என்ன ஆச்சு? மறுபடி எப்பக் கத்தும்?"

கேட்டவர் இந்தப் பத்தியின் நெடுநாள் வாசகராம். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். மீன்காரரும் சேர்ந்து சிரித்தார், விஷயம் என்னவென்றே தெரியாமல். சிரிக்காதவன் நான் ஒருவன்தான். வஞ்சிர மீனைப் பொட்டலம் கட்டக்கூட விடாமல் அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஏன் சிரிக்கவில்லை? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால் இன்னும் எத்தனை பேர் தோளைத் தட்டுவார்களோ!

இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் பினாங்குத் தமிழ் வாசகசாலை வெளியிட்ட புதிய கேட்லாக்கைப் பற்றி இதே இடத்தில் எழுதியிருந்தேன். படிக்காத புண்ணியவான்களுக்காகச் சுருக்கமாக மறுபடியும்...

வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு ரயில்வே எஞ்சினியர், தம் சங்கீதச் சொத்தையெல்லாம் இரண்டு பெட்டிகளில் போட்டு வாசகசாலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்வரம் போட்ட பாட்டுப் புத்தகங்கள், பியானோவுக்கான ஷீட்டுகள், கிராமபோன் தட்டுகள். இவற்றையும் சேர்த்து வாசகசாலைத் தலைவர் தாமே ஒரு கேட்லாக் தயாரித்தார். 'தாமே' என்பதை நான் அழுத்தவில்லை. முகவுரையில் அவரே நாலு இடத்தில் அழுத்தியிருக்கிறார். முதல் பக்கம் முழுக்கத் தலைப்பாகையோடு அவர் போட்டோ. புத்தகங்களின் பட்டியலா, தலைப்பாகைகளின் பட்டியலா என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வரும்.

தலைவருக்குச் சங்கீதம் தெரியாது. அது குற்றமா? இல்லை, எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்கிற விஷயம் எனக்குத் தெரியும்!

என் மனைவி அப்போதுதான் பிடில் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். வர்ணம் புத்தகம் ஒன்று வேண்டும் என்றாள். கேட்லாக்கில் 'சங்கீதம்' என்ற தலைப்பைத் தேடினேன். அதன் கீழே ஒரே ஒரு புத்தகம். எடுத்துப் பார்த்தால் மாதா கோவிலில் 'சங்கீதம்' என்று வாசிக்கிற ஜெபப் புத்தகம்!

மற்றவை எங்கே? பக்கம் பக்கமாகத் துழாவினேன். வர்ணங்கள் எல்லாம் 'சாயத் தொழில்' என்ற தலைப்பில் இருந்தன. காம்போதி ராகத்துக் கீர்த்தனைகள் 'பூகோளம்' பகுதியில், சயாமுக்குப் பக்கத்தில். ஜாவளிகள் எங்கே இருக்கும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஜவுளியில்தான். மாதா கோவில் ஆர்கனில் வாசிக்க எழுதிய ஷீட்டுகள் 'வைத்தியம் – உடல் உறுப்புகள்'. பட்டாளத்து பாண்டுக்காரர்கள் வாசிக்கிற 'மார்ச்' ஒன்று பஞ்சாங்கத்தோடு சேர்ந்திருந்தது. ஏப்ரல் எங்கே என்று நான் கேட்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் கிராமபோன் தட்டுகள். அதிலும் கடைசி வரி: 'எண் 214: பறவைகளின் குரல்.'

சரி, பறவையாவது பறவையாக இருக்கும் என்று அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிராமபோனில் வைத்தேன். குயிலும் கூவவில்லை, மைனாவும் கத்தவில்லை. ஒரு பெண்பிள்ளை ஆர்மோனியத்தோடு தமிழில் பாடினாள்.

அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

"யாருங்க இது? நல்லாப் பாடுதே..."

எனக்குக் கேட்க நேரமில்லை. வேண்டிய தமாஷ் கிடைத்துவிட்டது. பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கினேன். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். 'மிஸ் மரகதம், பினாங்கு.'

"ஏன் நிறுத்துனீங்க? கேட்டுட்டிருக்கேன்ல?" என்றாள். நான் அதற்குள் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

'மரகதப் புறாவை அறிவோம். இந்த மிஸ் மரகதம் எந்த ஜாதிப் பறவை? மரத்தில் வசிப்பதா, மாடியில் வசிப்பதா? கூட்டின் விலாசத்தைத் தலைவர் அடுத்த பதிப்பில் தெரிவிப்பாராக!' என்று முடித்தேன். தட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்தி அச்சாகி வந்தது. ஊரே சிரித்தது. கடிதம் மேல் கடிதம். ஆபீசில் டைப்பிஸ்ட் என்னைப் பார்த்துக் குயில் மாதிரி கூவினார். மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை.

நாலாவது நாள் நடந்தேன்.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில், பீச் ஸ்ட்ரீட்டில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஆபீஸ் வாசலில் சவரிமுத்து வந்து நின்றார். வாசகசாலைக் கிளார்க். வயது ஐம்பது இருக்கும். கதவு திறப்பது, தூசி தட்டுவது, புத்தகத்தில் முத்திரை குத்துவது எல்லாம் அவர்தான். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய வார்த்தைகள் பத்து இருந்தால் அதிகம். உண்மையைச் சொன்னால், அவரையும் ஓர் அலமாரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒரு தூணோரமாக நின்றோம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் பத்தி. நாலாக மடித்திருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நானும் சிரிச்சேன், கடைசி வரி வர்ற வரைக்கும்."

"என்னண்ணே, தலைவருக்குக் கோபமா?"

"வர்ணம், ஜவுளி எல்லாம் தலைவர் போட்டது. அதுல எனக்குச் சம்பந்தமில்ல. பறவை மட்டும் நான் போட்டது."

"நீங்களா? ஏன்?"

"அங்க வச்சா யாரும் தேடமாட்டாங்கன்னு யோசிச்சி வச்சேன். நீங்க தேடிட்டீங்க."

அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சவரிமுத்து சொன்னது இது. மரகதம் என்பவர் தலைவரின் சொந்தத் தங்கை. இருபது வருஷத்துக்கு முன்னால் தட்டுக் கம்பெனிக்காரர்கள் பினாங்குக்கு வந்து, ஒரு ஓட்டல் அறையில் ஊர்ப் பாட்டுக்காரர்களைப் பாட வைத்துப் பதிவு செய்தார்கள். மரகதமும் பாடினார். தட்டு வந்தது. தட்டோடு பேச்சும் வந்தது. 'நாடகக்காரியாமே!' என்று ஊர் வாய் திறந்தது. அந்தப் பெண் ஒருநாள்கூட மேடை ஏறியதில்லை. தலைவருக்கு அப்போது பெரிய இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடை கடையாகப் போய், வீடு வீடாகக் கேட்டு, கிடைத்த தட்டையெல்லாம் வாங்கி உடைத்தார். தங்கையை நிபோங் திபாலில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குக் கட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் தங்கை என்று ஒருத்தி இருப்பதையே யாரிடமும் சொன்னதில்லை.

"எஞ்சினியர் பெட்டியத் தெறந்தப்ப இது ஒண்ணு கெடந்துச்சு. நிஜமாவே பறவை தட்டு ஒண்ணும் இருந்துச்சு, ஆனா ஒடஞ்சி போயிருந்துச்சு. அந்த உறைய எடுத்து இதுக்குப் போட்டேன். அப்படியே எழுதிக் குடுத்தேன். தலைவரும் தட்டப் பாக்காம அச்சுக்கு அனுப்பிட்டாரு."

தங்கையின் பாட்டைத் தம் போட்டோவோடு தாமே அச்சடித்து ஊருக்கெல்லாம் வழங்கியிருக்கிறார் மனிதர்! வேறொரு நாளாக இருந்தால் இதற்கே ஒரு பத்தி எழுதியிருப்பேன்.

"அது சரி, உங்களுக்கு ஏன் இந்தக் கவலை?"

சவரிமுத்து தூணைப் பார்த்தார்.

"அதுல ஆர்மோனியம் நான்தான் தம்பி."

பிறகு இன்னொரு காகிதத்தை நீட்டினார். தலைவரின் கையெழுத்து. 'எண் 214 தட்டை இன்று மாலை ஐந்து மணிக்கு நானே வந்து எடுத்துக்கொள்வேன். தயாராக வைக்கவும்.'

"ஒளிச்சு வச்சிடுங்களேன்!"

"அச்சுல இருக்குலா. காணோம்னா நான் திருடன்."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"விதி ஒம்பது" என்றார்.

வாசகசாலைக்குப் பதினாலு விதிகள் உண்டு. எல்லாம் தலைவர் இயற்றியவை. ஒன்பதாவது விதி: ஒரு அங்கத்தினர் இரவல் வாங்கிய பொருளைத் தவணை முடியும்வரை வேறு யாரும் கேட்கக்கூடாது, கமிட்டியாரானாலும் சரி. தவணை பதினாலு நாள்.

ஆபீஸ் பெரிய கிராணியிடம் போய் வயிற்றுவலி என்றேன். நாலரைக்குப் போக அனுமதி கிடைத்தது. பொய்தான்.

ரிக்‌ஷா பிடித்து வாசகசாலைக்குப் போய்ச் சேரும்போது நாலே முக்கால். சவரிமுத்து நோட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார் கெரேத்தா வந்து நிற்கிற சத்தம். தலைவர் உள்ளே வந்தார். போட்டோவில் இருந்த அதே தலைப்பாகை.

"என்னங்காணும், ஒம்ம பறவை ஆராய்ச்சி இன்னும் முடியலியா?"

"கொஞ்சம் பாக்கி இருக்குங்க" என்றேன். தட்டு என் கக்கத்தில் இருந்தது.

"அது கெட்டுப்போன தட்டு. கீறல். கழிச்சுக் கட்டப்போறோம். இப்படிக் குடும்."

"இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன். விதி ஒன்பதுங்களே..."

தலைவர் சுவரைப் பார்த்தார். விதிகள் சட்டம் போட்டுத் தொங்கின. கீழே அவருடைய பெயரும் விலாசமும் பெரிய எழுத்தில் தொங்கின. பிறகு சவரிமுத்துவைப் பார்த்தார். சவரிமுத்து மும்முரமாக முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எதன்மேல் குத்தினார் என்று அப்புறம் பார்த்தேன். வெறும் மை ஒற்றுத்தாள்.

"பதினாலாம் நாள் இதே நேரத்துக்கு வருவேன்" என்றார் தலைவர். "நீரும் வாரும். தட்டும் வரட்டும்."

அடுத்த ஞாயிறு படகேறி அக்கரையில் பட்டர்வொர்த் போனேன். அங்கிருந்து நிபோங் திபாலுக்கு பஸ். ஒரு கையில் தட்டு, மறு கையில் பெட்டி கிராமபோன். சவரிமுத்துவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை பூசை இருக்கு" என்று சொல்லிவிட்டார். பூசை காலையிலேயே முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எதற்குப் போனேன்? மன்னிப்புக் கேட்கத்தான். வழியெல்லாம் நாலைந்து விதமாக வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். அந்த வேலைக்கு மட்டும் எனக்கு வாக்கியமே அமையவில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே கிராணி வீடு. முற்றத்தில் நாற்பதை நெருங்கிய பெண் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். பத்திரிகையின் பெயரையும் சொன்னேன்.

"ஓ... நீங்கதானா அந்தக் குருவி சார்?"

பத்திரிகை தோட்டத்துக்கும் வருகிறது என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

"அவருதான் வாராவாரம் சத்தமா வாசிப்பாரு" என்று உள்ளேயிருந்து வந்த கணவரைக் காட்டினார் மரகதம். "ஜவுளி, சாயம்னு அன்னிக்கு எனக்குச் சிரிப்புத் தாங்கல. எம் பேரு வந்ததும் டக்குனு நிறுத்திட்டாரு. நானே வாங்கிப் படிச்சேன்."

கிராணி என்னைப் பார்க்கவில்லை. வேலி ஓரத்து வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. 'தெரியாமல்...' என்றேன். 'வேடிக்கைக்காக...' என்றேன். எதுவும் முடியவில்லை.

"தட்ட ஒடைக்காமக் கொண்டாந்தீங்களே. உக்காருங்கண்ணே" என்றார் மரகதம்.

கிராணிதான் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. மரகதம் கண்ணை மூடுவார், கலங்குவார் என்று நான் எதிர்பார்த்தேன். பத்தி எழுதுகிறவனின் புத்தி அப்படித்தான் போகும். அவர் பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சுருதி கொஞ்சம் எறங்குது... பாருங்க, இந்த எடத்துல மூச்ச விட்டுட்டேன். பதினெட்டு வயசுல என்ன தெரியும்! ஆர்மோனியம் வந்து தூக்கிருச்சு, கேட்டீங்களா? சவரி அண்ணன் கெட்டிக்காரரு."

"அவர்தான் இந்தத் தட்டை ஒளிச்சு வச்சவர்" என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "பெனாங்குலயா இருக்காரு? வாசிக்கிறாரா இன்னும்?"

"வாசகசாலையில் வேலை. வாசிக்கிறாரான்னு தெரியல." ஒருதரம்கூட நான் கேட்டதில்லையே!

பாட்டு முடிந்தது. கை பழக்கத்தில் ஊசியைத் தூக்கப் போனேன்.

"இருங்கண்ணே! இன்னும் முடியல."

கரகரவென்று தட்டு சுற்றியது. திடீரென்று ஓர் ஆண் குரல். இளங்குரல். மூச்சிரைக்க, சந்தோஷம் தாங்காமல் கத்தியது.

"பாடினது மரகதம்! என் தங்கச்சி! பினாங்கு!"

தட்டு நின்றது. கிராணி வாய் பிளந்தார். அவரும் இப்போதுதான் கேட்கிறாராம்.

"பாட்டு முடிஞ்சதும் பேரச் சொல்லணும்னு வெள்ளக்காரன் கை காட்டுறான்" என்றார் மரகதம். "எனக்கு வெக்கம், வாயே வரல. அண்ணன் ஓடியாந்து ஒலி பிடிக்கிற கொழாய்க்கு முன்னாடி நின்னு கத்திட்டாரு. வெள்ளக்காரனுக்கு ஒரே கோவம். சவரி அண்ணன் சிரிப்ப அடக்க முடியாம ஆர்மோனியத்துல மொகத்த வச்சிக்கிட்டாரு. அன்னிக்கு ஓட்டல்லேர்ந்து வீடு வரைக்கும், ரிக்‌ஷாக்காரன்கிட்ட மொதக்கொண்டு சொல்லிட்டே வந்தாரு, என் தங்கச்சி பாட்டு தட்டுல வருதுன்னு."

மரகதம் தட்டை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"கடைத் தட்டையெல்லாம் பின்கட்டுல அம்மிக்கொழவியாலதான் ஒடச்சாரு. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கடைசியா எங்கிட்ட இருந்தத வாங்கினாரு. அத மட்டும் ஒடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி போட்டுக் கேட்டாரு. முழுசா. கேட்டுட்டு அப்புறம் ஒடச்சாரு. அதுதாண்ணே எனக்கு இன்னிவரைக்கும் ஆறல."

பெயரில்லாமல் ஒரு திருத்தம் போட்டுவிடுகிறேன் என்றேன். மரகதம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்குப் பேரில்லாம? பேரு போட்டே எழுதுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? ஆனா இந்த வாட்டி முழுசாக் கேட்டுட்டு எழுதுங்க."

வாசகர்கள் எனக்கு எத்தனையோ கண்டனம் எழுதியிருக்கிறார்கள். இலக்கணம் தெரியாதவன், தலைக்கனம் பிடித்தவன், இன்னும் என்னென்னவோ. ஒன்றும் தைத்ததில்லை. இது தைத்தது. கேலி செய்கிறவனுக்குப் பாதி கேட்டால் போதும். மீதியும் கேட்டால் கேலி வராது என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரியும். அதனால்தான் அவசரமாக ஊசியைத் தூக்குகிறான்.

"உங்க அண்ணனுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கிளம்பும்போது கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தக் கடைசிய மட்டும் போட்டுக் காட்டுங்க."

பதினாலாம் நாள். ஐந்து மணி. வாசகசாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டை மேஜையில் வைத்தேன். அவர் கை நீட்டினார்.

"கழிச்சுக் கட்டறதுக்கு முன்னால ஒருதரம் கேட்டுப் பார்த்துடலாமே" என்றேன்.

"இது வாசகசாலை. அமைதி காக்கணும். போர்டு கண்ணுக்குத் தெரியலியா?"

கிராமபோன் தட்டுகளை வாங்கி அடுக்கிவிட்டு, அவற்றை யாரும் உள்ளே கேட்கக்கூடாது என்று விதி எழுதியவர் இவர். உலகத்திலேயே வேறெங்காவது இப்படி ஒன்று உண்டா?

அப்போதுதான் சவரிமுத்து எழுந்தார். அலமாரியைத் திறந்தார். வாசகசாலையின் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்து, 'அமைதி' என்ற போர்டுக்கு நேர் கீழே வைத்தார். சாவி கொடுத்தார். தலைவர் "சவரிமுத்து!" என்றார். இருபது வருஷத்தில் அந்த அதட்டலுக்கு ஒருதரமாவது அவர் நிற்காமல் இருந்திருப்பாரா? அன்று நிற்கவில்லை. என் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்தார். ஊசியைப் பள்ளத்தில் பூப்போல இறக்கினார்.

பாட்டு ஆரம்பித்தது. பத்திரிகைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. தலைவர் எழுந்து வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

பாட்டு முடிந்தது. கரகரப்பு. அப்புறம் அந்தக் கூச்சல்.

"பாடினது மரகதம்! என் தங்கச்சி! பினாங்கு!"

ஒரு கிழவர் தலைவரின் முதுகைப் பார்த்தார். இன்னொருவர் கிராமபோனைப் பார்த்தார். குரலை அடையாளம் காண இருபது வருஷமெல்லாம் ஒரு தடையா? யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து ஊசியைத் தூக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், வேலை போனாலும் போகட்டும் என்பது போல.

தலைவர் திரும்ப வெகுநேரமாயிற்று. கண் கலங்கியிருந்தது, தொண்டை அடைத்தது என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நேராக கிராமபோனிடம் வந்தார். குனிந்தார். ஊசியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"ஊசி மழுங்கல்" என்றார். "இதையா போடறது? தட்டு வீணாப் போகும்."

பிறகு நோட்டைக் கேட்டார். தம் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, 214ஐ விதிப்படி இரவல் வாங்கிக்கொண்டு கெரேத்தாவில் ஏறிப் போய்விட்டார்.

நானும் சவரிமுத்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒருதரம் முழுசாகக் கேட்டுவிட்டு உடைத்தவர் அல்லவா?

பத்து நாள் சேதி இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நிபோங் திபாலிலிருந்து கிராணி ஒரு கார்டு போட்டிருந்தார்.

தலைவர் வந்தாராம். தோட்டத்துச் சாலை மோசம் என்றாராம். வீட்டில் இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி ஜாஸ்தி என்றாராம். கூரை மாற்றவில்லையே என்று கிராணியைக் கடிந்துகொண்டாராம். மன்னிப்பா? அவரா? அந்த வார்த்தை அவருடைய கேட்லாக்கில் எந்தத் தலைப்பின் கீழும் கிடையாது. மரகதமும் எதுவும் கேட்கவில்லையாம். தேத்தண்ணியை மட்டும் திரும்பப் போட்டுக் கொடுத்தாராம், இன்னும் சீனி தூக்கலாக. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தாராம். கிளம்பும்போது தட்டை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவையும் வைத்தாராம். உள்ளே புது ஊசிகள்.

"மழுங்கினதப் போடாதே" என்றாராம் தங்கையிடம். அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கும் சேர்த்து.

இதையெல்லாம் எழுதலாமா என்று தலைவரையே போய்க் கேட்டேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எழுதும். ஒற்றுப்பிழை இல்லாம எழுதும்."

முயன்றிருக்கிறேன். ஒன்றிரண்டு இருந்தால் அச்சாபீஸின் குற்றம்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. தலைவர் தட்டை இரவல் வாங்கி இது ஐந்தாவது வாரம். தவணையோ பதினாலு நாள். விதி பதினொன்றின்படி, தவணை தவறிய அங்கத்தினருக்கு, அவர் யாராக இருந்தாலும், கிளார்க் கண்டிப்பான ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியாக வேண்டும். நேற்று வாசகசாலைக்குப் போனபோது சவரிமுத்துவிடம் கேட்டேன்.

"தலைவருக்குக் கடிதம் போட்டுட்டீங்களாண்ணே?"

அவர் பேனாவை மையில் தோய்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டார்.

"விலாசம் தெரியலலா, தம்பி."

தலைவரின் விலாசம், அந்த மேஜைக்கு நேர் எதிரே சுவரில், முழ உயர எழுத்தில் இருக்கிறது.